எங்கள் நீரின் கணக்கை எங்களுக்குக் காட்டுக!

(வலிகாமத்துக் கிராமமொன்றின் வாசிகசாலை முன்றலில் நாம் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் இக்கிராமத்துப் பெரியவர்கள் நால்வர் எம்மை நாடி வந்தனர். மனு ஒன்று எழுதித் தரவேண்டும் என்றனர். "குழாய்த் தண்ணீரில் மருந்து மணக்கின்றது. தேநீரை வாயில் வைக்க முடியவில்லை. சுவாமியின் அபிஷேகத்திற்கு எடுக்கவும் மனம் கூசுகின்றது. தாங்கியில் குளோரீன் போடுவதை நிறுத்தும்படி பிரதேச சபைக்கு எழுதுங்கள்" என்பது அவர்களுடைய கோரிக்கை. வெற்றுத்தாள் ஒன்றிலே ஐம்பதுக்கு மேற்பட்ட கையொப்பங்களையும் சேகரித்துக் கொண்டு வந்திருந்தனர். மனு எழுதப்படுமுன்னரே கையொப்பம் வைத்துவிடும் இந்தப் பெருந்தன்மை எம்மவரிடையே உள்ள பழைய நோய். அதனாற் காணி இழந்தவர்களை நீதிமன்றங்களிலே பலமுறை கண்டிருக்கின்றோம்.

அந்த மனுவை நாம் எழுதவில்லை. மறுத்ததன் காரணத்தை வந்த நால்வருக்கு மாத்திரம் சொல்வது முறையன்று, கையொப்பமிட்ட அனைவருக்கும் நேரில் வந்து சொல்வோம் என்று வாக்களித்தோம். அவ்வாக்கை நிறைவேற்றவே இன்று இங்கு நிற்கின்றோம்.

முதலில் எமது குற்றத்தை ஒப்புக்கொள்வோம். பல்லாண்டுகளாக மேடை மேடையாக ஏறி, "எமது கிராமங்களுக்குக் குழாய்நீர் வேண்டும்" என்று முழங்கியோருள் நாமும் அடங்குவோம். தாங்கி கட்டி முடிந்த நாளில் மாலை சூட்டினீர்கள், ஏற்றுக்கொண்டோம். திறப்பு விழாவிலே நெடுநேரம் பேசினோம். அந்தத் தாங்கி நீரை யார் சோதிப்பார், எத்தனை நாளுக்கொருமுறை சோதிப்பார், சோதித்ததை எங்கே எழுதிவைப்பார், தீங்கு கண்டால் யாருக்கு அறிவிப்பார் என்று ஒரு நாளேனும் கேட்டோமா? கேட்கவில்லை. குழாய் வந்துவிட்டால் நல்ல நீர் வந்துவிட்டது என்று நீங்கள் நம்பினீர்கள். அப்படி நம்பவைத்ததில் எமக்கும் பங்குண்டு.

குடாநாட்டிலே நாம் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகின்றது என்பதைக் கமக்காரர்களாகிய உங்களுக்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கில்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரியிலே மாத்திரந்தான் ஆறு. வானத்திலிருந்து விழும் மழை செம்மண்ணினூடாக இறங்கி, கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அதற்கும் கீழே உவர்நீர். நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

இந்தக் கல்லைப் பற்றி எம்மவர் உள்ளத்திலே ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கின்றது. பாறைக்குள்ளிருந்து ஊறிவரும் நீர் ஆதலால் அது வடிந்து தெளிந்து தூய்மையடைந்து வருகின்றது என்று எண்ணுகின்றோம். மணல் நீரை வடிக்கும். தடித்த மண்படையும் வடிக்கும். வெடிப்புள்ள கல் வடிக்காது. வெடிப்பு என்பது நிலத்தினுள்ளே இயற்கை போட்டுவைத்த குழாய். மேலே மாட்டுப்பட்டியிலும் மலசலகூடக் கிடங்கிலும் கிடப்பது, நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால், அந்தக் குழாய்வழியே கிணற்றைச் சேர்வதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை. கிணற்றுக்கும் மலக்கிடங்குக்கும் இடையே ஐம்பது அடி விட்டால் போதும் என்று சொல்கின்றார்களே, அது மண்ணுக்குச் சொன்ன கணக்கு. வெடித்த கல்லுக்கு அக்கணக்குத் தெரியாது. எமது காணிகளோ பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து இரண்டு பரப்பு, ஒரு பரப்பு என்று வந்துவிட்டன. என்னுடைய கிணற்றுக்கும் என்னுடைய கிடங்குக்கும் இடையே ஐம்பது அடி இருக்கலாம்; அயலவர் கிடங்கு என் கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று யார் அளந்தார்?

இந்தக் கிராமத்துக் குழாய்நீரும் இதே கல்லிலிருந்து எடுக்கப்படும் நீர்தான். குழாய்க்கிணறு ஒன்று, பம்பி ஒன்று, தாங்கி ஒன்று, அதை நடத்தும் நீர்க்குழு, மாதச் சம்பளம் என்று சொல்லக் கூசும் ஒரு சிறு தொகைக்குப் பம்பியை இயக்கும் ஓர் ஊழியர். கல் ஒன்றுதான், நடுவிலே நிற்கும் காவல் அந்தக் குளோரீன் ஒன்றுதான். அதைத்தான் நிறுத்தச் சொல்கின்றீர்கள்.

வாதம் புரிவதற்குச் சட்டத்தரணிக்கு ஒரு வழக்கு வேண்டும். எமது நாட்டு வழக்கொன்றையும் பின்னர் சொல்வோம். ஆயினும், உங்கள் கோரிக்கைக்கு நேர் விடையாக அமைந்த வழக்கு கனடாவிலே, ஒன்ராறியோ மாகாணத்திலே உள்ளது. உங்களுட் பலருடைய பிள்ளைகளும் சகோதரங்களும் வாழும் மாகாணம் அது. ரொறொன்ரோவுக்கு வடமேற்கே வோக்கர்ட்டன் என்று ஒரு சிற்றூர். சனத்தொகை ஏறத்தாழ 4,800. சுற்றிலும் மாடு வளர்க்கும் பண்ணைகள். எமது ஊர் போலவே கிணற்றிலிருந்து நீர் எடுத்துக் குளோரீன் இட்டுக் குழாயிற் கொடுத்தார்கள். அவ்வூரின் 5 ஆம் இலக்கக் கிணறு 1978 இல் அமைக்கப்பட்டது. மேலே மண்படை எட்டு அடிதான். நீர் வருவது ஐந்து முதல் எட்டு மீற்றர் ஆழத்திலுள்ள வெடித்த பாறையிலிருந்து. இதைக் கேட்கும்போது எந்த ஊரின் ஞாபகம் வருகின்றது?

2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐந்து நாட்கள் தொடர்ந்து பெருமழை பெய்தது. 12 ஆம் திகதியளவிலே, அயலிலிருந்த பண்ணையில் இடப்பட்டிருந்த மாட்டெருவிலிருந்து கிருமிகள் அந்தக் கிணற்றினுட் புகுந்தன. ஊரார் வழக்கம்போலக் குழாயைத் திறந்து குடித்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். ஏழு பேர் இறந்தனர். ஓலைக் குடிசையும் ஒழுகும் வைத்தியசாலையும் உள்ள நாட்டிலன்று, உலகின் செல்வ நாடுகளுள் ஒன்றிலே இது நடந்தது.

அரசாங்கம் நீதியரசர் டெனிஸ் ஓ'கொனர் அவர்களை விசாரணை ஆணையாளராக நியமித்தது. அவருடைய அறிக்கையின் முதற்பாகம் 2002 இல் வெளிவந்தது. வேளாண்மை செய்வோரும் சட்டம் படித்தோரும் ஒருங்கே படிக்கவேண்டிய அறிக்கை அது. அதிலிருந்து சில செய்திகளை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

எரு இட்ட பண்ணையாளர் மீது ஆணையாளர் குற்றம் காணவில்லை. அவர் முறைப்படியே எருவைப் பயன்படுத்தினார் என்று தீர்மானித்தார். கமக்காரர்கள் இதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். நீர் கெட்டது என்றவுடன் கமக்காரனைக் கூண்டில் ஏற்றும் வழக்கம் எங்கும் உண்டு. மாடு வளர்ப்பவன் எருப் போடத்தான் செய்வான். மழை பெய்யத்தான் செய்யும். வெடித்த பாறையில் ஆழமற்ற கிணறு தோண்டியவர்களும், அதற்குக் காவல் வைக்காதவர்களும், காவல் இருக்கின்றதா என்று பாராதவர்களுமே விடை சொல்ல வேண்டியவர்கள்.

அங்கே காவல் எப்படித் தவறியது என்பதை விளங்கிக்கொள்ள, குளோரீன் செய்யும் தொழிலைச் சற்று அறியவேண்டும். நீரிற் குளோரீனை இட்டவுடன் அது கிருமிகளோடும் அழுக்கோடும் பொருதி ஒரு பகுதி செலவாகிவிடும். எஞ்சி நிற்பதை மிகுதிக் குளோரீன் என்பர். மிகுதி இருந்தால், எதிரி முடிந்தான், காவலன் இன்னும் நிற்கின்றான் என்று பொருள். வழக்கமான அளவு மருந்தை இட்டும் மிகுதி ஒன்றும் இல்லையாயின், எங்கிருந்தோ பெரும் அழுக்கு உட்புகுந்து காவலனை விழுங்கிவிட்டது என்று பொருள். ஆகவே, மருந்து இட்டோமா என்பது கேள்வியன்று. மிகுதி எவ்வளவு என்பதே கேள்வி. அதை அளப்பதற்கு வேண்டியது ஒரு சிறு மாத்திரையும் ஒரு சிறு குப்பியும். நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு எண்ணை எழுதிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலை.

வோக்கர்ட்டனிலே நாள்தோறும் அளக்கவேண்டும் என்ற விதி இருந்தது. அளந்ததை எழுதப் பதிவேடும் இருந்தது. பதிவேடு நிரப்பப்பட்டும் இருந்தது! ஆனால் எண்கள் பொய். நீர்ச்சபையின் ஊழியர்கள் அளப்பதைக் கைவிட்டுவிட்டு, லீற்றருக்கு 0.5 அல்லது 0.75 மில்லிகிராம் என்று ஆண்டாண்டாக எழுதிவந்தார்கள். இட்ட குளோரீனும் விதித்த அளவிலும் குறைவு. ஏன் குறைத்தார்கள்? அதற்கு ஒரு காரணம், குளோரீன் மணக்கின்றது என்று ஊரார் சிலர் முறைப்பட்டமை! அவர்களும் கொடியவர்கள் அல்லர். தங்கள் ஊர்க் கிணற்று நீர் தூயது என்று உளமார நம்பினார்கள். மருந்திடாத நீரைத் தாமே கிணற்றடியில் அள்ளிக் குடித்தும் வந்தார்கள். "எங்கள் தகப்பனும் பாட்டனும் இதைத்தானே குடித்தார்கள்" என்று எம்மிடம் வந்த பெரியவர் ஒருவர் சொன்னார். அதே நம்பிக்கைதான்.

மே 17 ஆம் திகதி ஆய்வுகூடத்திலிருந்து கெட்ட செய்தி நீர்ச்சபைக்கு வந்தது. சுகாதாரப் பகுதிக்கு வரவில்லை. ஆய்வுகூடம் சுகாதாரப் பகுதிக்கும் நேரே அறிவிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கவில்லை. வெறும் வழிகாட்டற் குறிப்பே இருந்தது. மாகாண அரசாங்கம் சோதனைகளைத் தனியார் ஆய்வுகூடங்களுக்குக் கைமாற்றியபோது, இந்தக் கடமையைச் சட்டமாக்காமல் விட்டுவிட்டது. அயலூரிலே குழந்தை வைத்தியர் ஒருவர் இரத்தக் கழிச்சலோடு வந்த பிள்ளைகளைக் கண்டு ஐயுற்றுச் சுகாதாரப் பகுதிக்கு அறிவித்தார். சுகாதாரப் பகுதியினர் 19 ஆம் திகதி நீர்ச்சபை முகாமையாளரைத் தொலைபேசியில் வினவினர். "நீர் நன்றாகவே இருக்கின்றது" என்றார் அவர். கெட்ட அறிக்கை அவர் மேசையிற் கிடந்தது! அதை மறைத்துவிட்டு, குழாய்களைக் கழுவவும் கூடுதலாகக் குளோரீன் இடவும் தொடங்கினார். மறுநாள், நீர்ச்சபை ஊழியர் ஒருவர் மனம் பொறாமல், தம் பெயரைச் சொல்லாது, சுற்றாடல் அமைச்சுக்குத் தொலைபேசியில் உண்மையை அறிவித்தார். 21 ஆம் திகதியே நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி ஊருக்குச் சொல்லப்பட்டது. அதற்குள் நடக்க வேண்டாதவை நடந்துவிட்டன.

அந்தக் கிணற்றிலே மிகுதிக் குளோரீனை இடைவிடாது அளக்கும் கருவி இருந்திருந்தால் இப்பெருங்கேடு தடுக்கப்பட்டிருக்கும் என்றும், நாளுக்கொரு முறை நேர்மையாக அளந்திருந்தாலே கேட்டின் அளவு பெரிதும் குறைந்திருக்கும் என்றும் ஆணையாளர் முடிவு செய்தார். ஏழு உயிருக்கும் ஓர் எண்ணுக்கும் இடையே இருந்த தொடர்பு இதுதான். அதன்பின் ஒன்ராறியோ 2002 இற் பாதுகாப்பான குடிநீருக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. ஊர்ச்சபையின் நீர் விநியோகத்தை மேற்பார்வை செய்யும் பொறுப்பிலுள்ளோர், உறுப்பினர்கள் உட்பட, உரிய கவனத்தோடு அக்கடமையைச் செய்யாவிடின் தாமே தனிப்பட விடைசொல்ல வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது. எமது பிரதேச சபைகளிலே அமர்ந்திருக்கும் நண்பர்கள் இதைக் கேட்டுத் தம் ஆசனத்தைச் சற்று இறுகப் பிடித்துக்கொள்வார்கள்.

இனி எமது வீட்டுக்கு வருவோம். குளோரீன் மணக்கின்றது என்ற உங்கள் முறைப்பாட்டை நாம் இகழவில்லை. அதில் நியாயமும் இருக்கலாம். இலங்கைத் தர நியமம் 614, 2013 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குடிநீரில் மிகுதிக் குளோரீன் லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டலாகாது. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக் குழாய்வாயிலே 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்கின்றது. எம் குழாயில் 1 இற்கு மேல் இருந்தால் உங்கள் முறைப்பாடு சரி. குறைக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. 0.2 இற்குக் கீழே இருந்தால் உங்கள் மூக்குக்கு இன்பம், வயிற்றுக்கு ஆபத்து. எது உண்மை? உங்களுக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது. நாம் இங்கு வருமுன் பம்பியை இயக்கும் தம்பியிடம் கேட்டோம். குளோரீன் தூளைக் கையால் அள்ளி, "வழக்கமான அளவு" இடுவதாகச் சொன்னார். வெயிலிலும் ஈரத்திலும் வைத்த தூள் வலுவிழந்துவிடும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அளக்கும் குப்பி ஒருமுறை கொடுக்கப்பட்டதாம், மாத்திரை முடிந்து நெடுங்காலமாம். அவரைக் குறை கூறாதீர்கள். அறுபது வீட்டாரின் உயிரை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்காதவர்கள் நாம்.

வேறொரு செய்தியையும் மறைக்காமற் சொல்லவேண்டும். குளோரீன் கிருமிக்குத்தான் காவல். வலிகாமத்து நீரில் வேறொரு குற்றமும் உண்டு, அது நைத்திரேற்று. வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்கிற்கும் இடும் யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் எடுத்துக்கொண்டது போக எஞ்சியது இறைப்பு நீரோடு இறங்கிக் கல்லைச் சேர்கின்றது. மலக்கிடங்கும் தன் பங்கைச் செலுத்துகின்றது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது அதற்குரிய எல்லை; வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அதனால் முதலில் துன்புறக்கூடியது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாயும். தாய்மார்களே, இதைக் கவனியுங்கள்: கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறியும். குளோரீனும் அதைத் தொடாது. ஆகவே, "கொதித்தாறிய நீர்" என்று மன அமைதி கொள்ளும் வழி அந்தக் குற்றத்திற்கு இல்லை. எங்கள் கிணற்றில் எவ்வளவு இருக்கின்றது என்ற எண் தெரிந்தால், குழந்தைக்கு மாத்திரமாவது வேறு நீர் தேடலாம். எண் தெரியாதவிடத்து எதைத் தேடுவது?

யூரியாவைப் பற்றிக் கமக்காரரோடு நாம் வாதாட வரவில்லை. பசளையை மாற்றும் பேச்சு விலை, விளைச்சல், கடன் எல்லாம் சேர்ந்த பேச்சு. அதற்கென்று ஒரு நாள் வருவோம்.

தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட் 2 ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் ஆற்றல். இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்ததன் பின்னர் கண்ட மாற்றுவழி அது. அவ்வெதிர்ப்பு நியாயமா என்று இன்று புழுதி கிளப்பவேண்டாம். அந்த நீர் எமது ஒழுங்கைக்கும் வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று இளைஞர் சிலர் சொல்கின்றனர். நிலையத்தின் வாயிலிலே நீர் நன்றாக இருக்கலாம். அங்கிருந்து இவ்வூர்க் குழாய்வாய் வரை எத்தனை கல் தூரம்! இடையிலே குழாய் வெடிக்கலாம். நீர் நிறுத்தி நிறுத்திக் கொடுக்கப்பட்டால், அமுக்கம் குறையும் வேளையில் வெடிப்பைச் சூழ்ந்துள்ள அழுக்குநீர் உள்ளே இழுபடும். வீட்டுத் தாங்கியை ஆண்டுக்கொருமுறையேனும் கழுவுவோர் எத்தனை பேர்? எங்கிருந்து வந்தாலும், கடைசிக் குழாய்வாயிலே அளந்த எண்ணே எமக்குச் சாட்சி.

எமது நாட்டு வழக்கு ஒன்று உண்டென்றோம். இங்கிருந்து கூப்பிடு தூரத்திலே, சுன்னாகத்திலே, தனியார் மின் உற்பத்தி நிலையமொன்றின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்ததைப் பற்றிய வழக்கு அது. உயர் நீதிமன்றத்திலே 141/2015 ஆம் இலக்க அடிப்படை உரிமை மனுவில், 2019 ஏப்பிரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்ற கொள்கையை ஏற்று, கிணற்றுச் சொந்தக்காரருக்கென இரண்டு கோடி ரூபா செலுத்தும்படி நீதிமன்றம் கட்டளையிட்டது. கூடியது 500 கிணறுகள், கிணறொன்றுக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல். அந்த மனுவை உயர் நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்றவர் தென்னிலங்கையைச் சேர்ந்த ஒரு சுற்றாடல் ஆர்வலர். அவருக்கு நாம் நன்றி சொல்வோம். எம்மவரில் இத்தனை சட்டத்தரணிகள் இருந்தும் அவர் வரவேண்டியிருந்ததே என்று சற்று நாணவும் செய்வோம்.

தீர்ப்பு சிறந்தது. ஆனால் நாற்பதினாயிரம் ரூபா கொண்டு கெட்ட கிணற்றைத் திருத்திவிட முடியுமா? தவிரவும், அவ்வழக்கின் பாடம் ஒன்றை எமது தொழிற்கண் கொண்டு பார்க்கவேண்டும். இந்தக் கிணறு முன்பு நன்றாக இருந்தது என்று நிரூபிப்பதற்கு உங்கள் கையில் என்ன இருக்கின்றது? பாட்டன் குடித்தார் என்பது நீதிமன்றத்திலே சான்றாகாது. ஐந்தாண்டுப் பதிவேடு சான்றாகும். திகதியும் எண்ணும் கையொப்பமும் உள்ள ஒரு கொப்பி, எந்த நிபுணரையும் குறுக்கு விசாரணையில் நின்று தாங்கும். நாளை எவரேனும் எமது நீரைக் கெடுத்தால், அந்தக் கொப்பி இல்லாமல் எம்மிடம் வந்து வழக்குத் தொடுக்கச் சொல்லாதீர்கள்.

கொப்பியைக் கேட்க உரிமை உண்டா? உண்டு. அரசியலமைப்பின் 14அ உறுப்புரை 2015 இல் தகவல் அறியும் உரிமையைத் தந்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. பிரதேச சபைக்கும், தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் எழுதிக் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயாற் கேட்கலாம். அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கின்றாய் என்று எவரும் கேட்க முடியாது. தருவதா மறுப்பதா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். கேட்பவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவலாயின் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள் பதில் வேண்டும். குடிநீரிற் கிருமி உண்டா என்பது உயிரோடு சம்பந்தப்பட்டதன்று என்று வாதிட எவரேனும் துணிந்தால், அந்த வாதத்தைக் கேட்க நாம் ஆவலாக இருக்கின்றோம். மறுத்தால் மேன்முறையீடு, அதன்மேல் ஆணைக்குழு. எமது நீர்க்குழு இச்சட்டத்தின் கீழ் பகிரங்க அதிகாரசபையாகுமா என்பதிலே சட்டச் சிக்கல் உண்டு. ஆகும் என்று அடித்துச் சொல்ல நாம் தயாரில்லை. ஆனால் குழுவில் இருப்பவர்கள் உங்கள் மைத்துனர்கள். அவர்களிடம் கேட்க எந்தச் சட்டம் வேண்டும்?

மற்றொன்று. சில ஊர்களிலே சோதனை அறிக்கை வந்தும் பயனற்றுக் கிடக்கின்றது. காரணம் அது ஆங்கிலத்தில் இருக்கின்றது, அல்லது சிங்களத்தில் இருக்கின்றது. தமிழும் அரச கரும மொழி என்பது 1987 இல் 13 ஆம் திருத்தத்திலும், வடக்குக் கிழக்கிலே தமிழே நிருவாக மொழி என்பது 1988 இல் 16 ஆம் திருத்தத்திலும் எழுதப்பட்டது. மொழியுரிமைக்காக எமது முன்னோர் பட்ட பாட்டை இங்கே விரிக்கவேண்டியதில்லை. அந்த உரிமையைப் பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை தேடுவதற்கு மாத்திரம் பயன்படுத்துகின்றோம். பிள்ளை குடிக்கும் நீரின் அறிக்கையை அவளுடைய தாய் வாசிக்கக்கூடிய மொழியிலே கேட்பதற்கு அல்லவா முதலிற் பயன்படுத்த வேண்டும்!

ஆகவே, வேறொரு மனு எழுதி வந்திருக்கின்றோம். பிரதேச சபைக்கு முகவரியிட்டு, சுகாதார வைத்திய அதிகாரிக்கும் நீர்வழங்கற் சபைக்கும் பிரதிகளோடு. அது குளோரீனை நிறுத்தச் சொல்லவில்லை. நாள்தோறும் காலையில், தாங்கிக்கு மிகத் தொலைவிலுள்ள கடைசிக் குழாயிலே மிகுதிக் குளோரீனை அளந்து, அந்த எண்ணை இவ்வாசிகசாலைச் சுவரிலுள்ள கரும்பலகையில் எழுதவேண்டும் என்று கேட்கின்றது. 0.2 இற்குக் கீழே வந்தால் அன்றே ஒலிபெருக்கியில் அறிவித்து, நீரைக் கொதிக்கவைக்கும்படி சொல்லவேண்டும் என்று கேட்கின்றது. மாரி தொடங்குமுன்னும் மாரி நடுவிலும் கிருமிச் சோதனை, ஆண்டுக்கு இருமுறை நைத்திரேற்றுச் சோதனை. ஆய்வுகூடத்தின் முடிவு சபைக்கு வரும் அதே நாளில் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் போகவேண்டும். வோக்கர்ட்டனிலே முடிவு ஒரு மேசையிற் கிடந்ததை மறவாதீர்கள். எல்லாம் தமிழில்.

அதிகாரிகளிடம் கேட்பவை இவை. ஊரிடம் ஒன்று கேட்கின்றோம். பம்பியை இயக்கும் தம்பியின் மாதத் தொகையைக் கூட்டுங்கள். மாத்திரைச் செலவையும் நீர்க் கட்டணத்தோடு சேருங்கள். கெட்ட எண்ணை அவர் பலகையில் எழுதும் நாளில் அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் மறுநாள் நல்ல எண்ணாகவே எழுதுவார். எழுதுவதற்கு அளக்கவேண்டும் என்பதில்லை என்பதைக் கனடாவிற் கண்டோம். வாரத்திற்கொருமுறை உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இருவர் தனியாக அளந்து பக்கத்தில் எழுதட்டும். இரண்டு எண்ணும் ஒத்திருந்தால் அவருக்கும் பெருமை.

மனு அந்த மேசைமீது இருக்கின்றது, மூன்று பக்கம். முன்னர் தந்த கையொப்பத்தாளையும் அதன் பக்கத்தில் வைத்திருக்கின்றோம். அதை எடுத்துக் கிழித்துவிடுங்கள். வாசிக்க இயலாதவர்களுக்கு ஆசிரியர் அவர்கள் உரக்க வாசித்துக் காட்ட இசைந்திருக்கின்றார். திருத்தம் சொல்ல விரும்புவோர் இப்போதே சொல்லுங்கள், எழுதுகோல் எம்மிடம் இருக்கின்றது. வாசித்த பின்னர் கையொப்பமிடுங்கள்.